சூட்டுக்கோல், கர்லர், பெர்ம்: எது எப்போது வந்தது, எப்படி வேலை செய்தது?

#1 குழல்வாணி

பழைய படங்களில் முடி அலையலையாகத் தெரிந்தாலே ‘பெர்ம்’ என்று தலைப்புப் போட்டுவிடுகிறார்கள். 1890களின் பாரிஸ் படத்துக்கும் அதே சொல், 1950களின் அமெரிக்க விளம்பரத்துக்கும் அதே சொல். ஐரோப்பா, அமெரிக்காவில் 1870 முதல் 1970 வரை பெண்கள் முடியைச் சுருட்டிய முறைகளைப் பற்றி ஒரு தொடர் எழுதப்போகிறேன். அதற்கு முன் அடிப்படையைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். மார்செல் அலை, விரல் அலை, பெர்ம் மூன்றையும் எப்படிப் பிரித்தறிவது? பெர்மைக் கண்டுபிடித்தது கார்ல் நெஸ்லரா, மார்ஜரி ஜாய்னரா? இரண்டு பெயரும் அடிபடுகின்றன. செய்முறையோடு சொன்னால் பெரிய உதவி. பெயரும் ஆண்டும் எங்கும் கிடைக்கின்றன. எதை எங்கே வைத்தார்கள், எவ்வளவு நேரம் வைத்தார்கள், எங்கே கெட்டது என்பதுதான் கிடைப்பதில்லை.

#2 கெரட்டின்

வரலாற்றுக்குப் போகும் முன் முடிக்குள் நடப்பதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முடி கெரட்டின் என்னும் புரதம். அதன் சங்கிலிகளை இரண்டு முக்கியமான பிணைப்புகள் வடிவத்தில் நிறுத்துகின்றன. ஹைட்ரஜன் பிணைப்பு தண்ணீர் பட்டால் விட்டுவிடும், காய்ந்தால் புது இடத்தில் பிடித்துக்கொள்ளும். ஈரமுடியைச் சுற்றிக் காயவைத்தால் சுருள் வருவதும், மழைக்காற்று பட்டதும் அது தொங்கிப்போவதும் இதனால்தான். மற்றொன்று டைசல்ஃபைடு பிணைப்பு. சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தின் இரண்டு கந்தக அணுக்கள் சேர்ந்து உண்டாவது. தண்ணீரோ சீப்போ இதை அசைக்காது. காரமும் சூடும் சேர்ந்து உடைக்கும், அல்லது அதற்கென்று உள்ள வேதிப்பொருள் உடைக்கும்.

துணி, காகிதம், சூட்டுக்கோல், பின் கர்ல், ரோலர், மின்ரோலர் எல்லாம் முதல் பிணைப்போடு நிற்பவை. தொழிலில் இதற்கு ‘செட்டிங்’ என்று பெயர். அடுத்த தலைக்குளியல் வரைதான் ஆயுள். பெர்ம் என்றால் இரண்டாவது பிணைப்பை உடைத்து, முடி ராடில் (முடியைச் சுற்றும் சின்னக் குச்சி) சுற்றியிருக்கும்போதே திரும்ப ஒட்டுவது. வெட்டி எடுக்கும் வரை அந்த முடி அப்படியே இருக்கும், வேரிலிருந்து புதிதாக வளர்வது மட்டும் பழையபடி வளரும். படத்துக்குத் தலைப்புப் போடுகிறவர்கள் இந்த ஒரு கோட்டைத்தான் கவனிப்பதில்லை.

#3 பழங்கூந்தல்

கெரட்டின் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். இரண்டாவது பிணைப்பை உடைக்கும் வித்தை 20ஆம் நூற்றாண்டுக்கு வெகுகாலம் முன்பே கைக்கு வந்துவிட்டது. ஆனால் உயிருள்ள தலையில் அல்ல, விக்கில்.

ரோமானியப் பெண்கள் பயன்படுத்திய ‘கலமிஸ்ட்ரம்’ உலோகத்தாலான சூட்டுக்கோல். அடிமைப்பெண் அதை நெருப்பில் சூடாக்கி எஜமானியின் நெற்றிமுடியைச் சுருட்டுவாள். இது செட்டிங்தான். 18ஆம் நூற்றாண்டு பிரான்சின் விக் பட்டறையில் நடந்தது வேறு. வெட்டிய முடியைச் சின்னக் களிமண் உருளைகளில் இறுக்கிச் சுற்றி நூலால் கட்டுவார்கள். நடுவில் ஒடுங்கி, இரண்டு முனையிலும் பருத்த உருளைகள் அவை. அப்படியே தண்ணீரில் போட்டுச் சுமார் 3 மணி நேரம் கொதிக்கவிடுவார்கள். பிறகு உலர்த்தி, காகிதத்தில் பொதிந்து, மாவுப் பூச்சுக்குள் வைத்து ரொட்டி அடுப்பில் சுட்டெடுப்பார்கள். மாவு எதற்கு? நெருப்பு நேரடியாகப் படாமல், உள்ளே ஈரச்சூடு சீராக நிற்க. அடுப்பிலிருந்து வந்த முடியின் சுருள் எளிதில் விடாது.

ஆக, ஈரமும் நீண்ட நேரச் சூடும் சேர்ந்தால் சுருள் நிலைக்கும் என்பது விக் செய்தவர்களுக்குத் தெரியும். கொதிக்கும் பானைக்குள் ஒரு பெண்ணின் தலையை வைக்க முடியாது என்பதுதான் மிச்சமிருந்த சிக்கல். அதற்குப் பின் வந்த ஒவ்வொரு கண்டுபிடிப்பையும் தலைத்தோலிலிருந்து சூட்டை எவ்வளவு தள்ளிவைத்தது என்ற ஒரே அளவால் அளக்கலாம். உங்கள் தொடருக்கும் அதையே முதுகெலும்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

#4 சீப்பும்கோலும்

மார்செல் பற்றி நான் எழுதுகிறேன். பாரிசில் சிகையலங்காரம் செய்த பிரான்சுவா மார்செல் கிராட்டோ 1870களில் கொண்டுவந்த முறை. வழக்கமாக 1872 என்று குறிப்பிடுவார்கள். அதற்கு முன்பிருந்த இடுக்கி முடியைச் சுற்றி வளையமாக்கும். மார்செலின் இடுக்கி வேறு மாதிரி. ஒரு கை உருண்டைக் கம்பி, மற்றது அந்தக் கம்பி உட்கார்கிற அளவுக்குக் குழிந்த வாய்க்கால். இரண்டுக்கும் நடுவில் முடி பிடிபடும்போது வளையம் வராது, வளைவு வரும்.

செய்முறை: முடி சுத்தமாக, முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். எண்ணெயோ ஈரமோ இருந்தால் புகையும். சுமார் 2 அங்குல அகலத்துக்கு ஒரு பட்டையாகப் பிரித்து, சீப்பால் நேராகப் பிடித்துக்கொள்ள வேண்டும். இடுக்கியை மூடி, மணிக்கட்டைக் கொஞ்சம் திருப்பி, அதே நேரத்தில் சீப்பால் முடியை எதிர்ப்பக்கம் தள்ளினால் ஒரு மேடு எழும்பும். சில விநாடிகள் வைத்து எடுத்து, ஓர் அங்குலம் கீழே போய், இப்போது திசையை மாற்றிப் பிடிக்க வேண்டும். பட்டைக்குப் பட்டை மேடுகள் ஒரே கோட்டில் சேர வேண்டும். இரண்டாவது பட்டையை எடுக்கும்போது முதல் பட்டையின் ஓரத்தையும் கொஞ்சம் சேர்த்து எடுப்பது அதற்காகத்தான், அதுவே வழிகாட்டி.

கெடுகிற இடம் சூடு. எரிவாயு அடுப்பில் காய்ந்த இடுக்கிக்கு அளவுமானி கிடையாது. வெள்ளைக் காகிதத்தை இடுக்கியின் வாயில் கவ்வக் கொடுத்துப் பார்ப்பார்கள். காகிதம் பழுப்பேறினால் காத்திருக்க வேண்டும், நிறம் மாறாவிட்டால் முடியில் வைக்கலாம். இந்தச் சோதனையைத் தாண்டிய அவசரம்தான் அந்தக் காலத்து நெற்றிமுடி பாதியில் முறிந்து நிற்பதற்குக் காரணம். மார்செல் பிறகு 1905இல் அமெரிக்காவில் சூட்டுக்கோலுக்குக் காப்புரிமை பெற்றார்.

#5 குழல்வாணி

மிக்க நன்றி. அப்படியானால் 1920களின் வழவழப்பான, தலையோடு ஒட்டிய அலை எல்லாம் மார்செலா? படத்தைப் பார்த்தே கண்டுபிடிக்க ஏதாவது அடையாளம் உண்டா?

#6 சீப்பும்கோலும்

தலையோடு ஒட்டியிருந்தால் பெரும்பாலும் விரல் அலை. இடுக்கி தலைத்தோலைத் தொட முடியாது. ஆகவே மார்செல் அலை வேரிலிருந்து சற்று விலகித்தான் தொடங்கும், முடி கொஞ்சம் எழும்பி நிற்கும். விரல் அலை வகிட்டிலிருந்தே தொடங்கிவிடும். மேடுகள் கூர்மையாக, ஈரம் மாதிரிப் பளபளப்போடு இருக்கும்.

விரல் அலைக்குச் சூடே வேண்டாம். ஆளி விதையைத் தண்ணீரில் கொதிக்கவைத்து வடித்த கொழகொழப்பான சாறு போதும். ஒரு மேசைக்கரண்டி விதைக்கு ஒரு கோப்பை தண்ணீர், முட்டை வெள்ளைக்கரு மாதிரி இழையும் வரை கொதிக்கவிட்டு, சூடாக இருக்கும்போதே துணியில் வடிகட்ட வேண்டும். ஆறவிட்டால் துணியில் இறங்காது. ஈரமுடியில் அதைத் தடவி, ஆள்காட்டி விரலைத் தலையில் அழுத்தி, விரலுக்குக் கீழே சீப்பை நுழைத்து முடியை ஓர் அங்குலம் பக்கவாட்டில் தள்ளுங்கள். சீப்பை எடுக்காமலே நடுவிரலைக் கீழே வைத்து, இரண்டு விரலுக்கும் நடுவில் எழும்பும் மேட்டை இறுக்க வேண்டும். விரலால் கிள்ளி மேடு எழுப்பக் கூடாது. கிள்ளிய மேடு காய்ந்ததும் சரியும், சீப்பு தள்ளிய மேடு நிற்கும். அடுத்த வரிசையில் திசையை மாற்ற வேண்டும். முழுக்கக் காயும் வரை வலை போட்டு வைப்பார்கள்.

ஒரு எச்சரிக்கை. 1930களின் படங்களில் பெர்ம் செய்த முடியின்மேலேயே விரல் அலை போட்டிருப்பார்கள். பெர்ம் அடித்தளம், அலை அதன்மேல் அலங்காரம். அதனால் ‘இது பெர்மா, விரல் அலையா’ என்ற கேள்விக்கு ‘இரண்டும்’ என்பதே பல படங்களுக்குச் சரியான பதில்.

#7 மின்கம்பி

நெஸ்லருக்கு வருவோம். 1872இல் ஜெர்மனியின் பிளாக் ஃபாரஸ்ட் பகுதியில் தோட்நாவ் என்ற ஊரில் பிறந்தவர். பாரிஸ் வழியாக லண்டன் வந்து கடை போட்டார். செய்துகாட்டிய நாளை 1905 என்றும் 1906 என்றும் புத்தகங்கள் மாற்றி மாற்றிச் சொல்கின்றன. காப்புரிமை 1909. சோதனைக்குத் தலை கொடுத்தவர் மனைவி காதரினா. முதல் இரண்டு முயற்சியிலும் அவருடைய முடி கருகி, தலைத்தோலும் வெந்தது. அந்தப் பெண்மணியின் பெயரை உங்கள் தொடரில் விட்டுவிடாதீர்கள்.

கருவி இப்படி இருந்தது. பித்தளை உருளை ஒவ்வொன்றும் சுமார் 900 கிராம். பன்னிரண்டு உருளை என்றால் மொத்தம் கிட்டத்தட்ட 11 கிலோ. அதைக் கழுத்து தாங்காது. அதனால் மேலே சரவிளக்கு மாதிரி ஒரு சட்டத்திலிருந்து, எதிர் எடை கட்டிய கம்பிகளில் தொங்கவிட்டார். முடியை வேர்ப்பக்கத்திலிருந்து தொடங்கி ராடின் நீளத்துக்குச் சுருளேணி போலச் சுற்ற வேண்டும். ராடு தலைக்குச் செங்குத்தாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதன்மேல் காரக் கரைசல் பூசி, சூடான உருளையை ஏற்றினால், உள்ளே நீராவி. மொத்த வேலையும் 5 முதல் 6 மணி நேரம்.

ஏன் கருகியது என்பதுதான் சுவாரசியம். சுற்றிய முடியில் ஈரம் இருக்கும் வரை வெப்பநிலை தண்ணீரின் கொதிநிலையை ஒட்டியே நிற்கும். ஈரம் முழுக்க ஆவியானதும் வெப்பம் தடையில்லாமல் ஏறும், சில நிமிடத்தில் முடி போய்விடும். ஆகவே உருளை எவ்வளவு சூடு என்பதைவிட, உள்ளே எவ்வளவு ஈரம் மிச்சமிருக்கிறது என்பதுதான் கணக்கு. பிறகு வந்த ஃபிளானல் உறைகள் ஈரத்தைப் பிடித்துவைக்க வந்தவை. வேருக்குப் பக்கத்தில் போட்ட ஃபெல்ட், ரப்பர் தகடுகள் நீராவி தலைத்தோலுக்கு இறங்காமல் தடுக்க. 1917இல் இசிடோரோ கால்வேட்டே என்ற ஸ்பானியர் லண்டனில் அலுமினியக் குழாய்க்குள் மின்சுருளைப் பொதித்த சூடேற்றி செய்தார். அதை வாங்கிப் பயன்படுத்திய யூஜின் சூட்டரின் பெயரில்தான் ‘யூஜின் முறை’ பிரபலமானது.

முதல் உலகப்போர் வந்ததும் ஜெர்மானியர் என்பதால் நெஸ்லரால் லண்டனில் நிற்க முடியவில்லை. 1915இல் நியூயார்க் போய், சார்லஸ் நெஸ்ல் என்ற பெயரில் அங்கே பெரிதாகத் தொழில் செய்தார்.

#8 நீலமணி

எல்லாரும் ஐரோப்பிய ஆண்களையே எழுதுகிறீர்களே? பெர்ம் இயந்திரத்தின் காப்புரிமை மார்ஜரி ஜாய்னர் என்ற கறுப்பினப் பெண்ணுடையது. 1928. இது ஆவணத்தில் இருக்கும் விஷயம். அதேபோல் நெஸ்லர் பசுவின் மூத்திரத்தைத்தான் பூசினார் என்பதையும் நாசூக்காகக் ‘காரக் கரைசல்’ என்று மறைத்துவிட்டீர்கள்.

#9 பழங்கூந்தல்

நீலமணி, ஜாய்னரை இங்கே கொண்டுவந்தது நல்லதுதான், வரவேண்டிய பெயர். ஆனால் ‘முதலில் கண்டுபிடித்தவர்’ என்ற வரிசையில் நிறுத்தினால் அவர் செய்தது மறைந்துவிடும்.

1896இல் வர்ஜீனியாவில் பிறந்தவர். மேடம் சி. ஜே. வாக்கர் நிறுவனத்தின் அழகுக்கலைப் பள்ளிகளை மேற்பார்வை பார்த்தவர். இறைச்சித் துண்டு உள்வரை வேகுவதற்காகச் செருகும் கம்பிகளைப் பார்த்து யோசனை வந்ததாகச் சொல்லியிருக்கிறார். காப்புரிமை தேதி 1928 நவம்பர் 27. மேலே ஒரு கூடு, அதிலிருந்து தொங்கும் மின்கம்பிகள், நுனியில் சூடேறும் கவ்விகள். தலை முழுவதையும் ஒரே நேரத்தில் செய்யலாம். 1929இல் தலைத்தோலைக் காக்கும் தகட்டுக்குத் தனியாக இன்னொரு காப்புரிமை வாங்கினார். எனக்கு இந்த இரண்டாவதுதான் பெரிதாகப் படுகிறது. வேதனையைக் குறைப்பதை ஒரு தனிக் கருவியாகவே நினைத்தவர் அவர். காப்புரிமையின் பலன் வாக்கர் நிறுவனத்துக்குப் போனது, அவர் கையில் ஏறக்குறைய எதுவும் வரவில்லை.

ஆகவே தேதிப்படி நெஸ்லர் முன்னவர். அவருக்கும் விக் பட்டறைகள் முன்னவை. குழல்வாணி, ‘கண்டுபிடித்தவர்’ என்று ஒருமையில் எழுதாதீர்கள்.

பசுமூத்திரம் பற்றி: முதல் சோதனைகளைப் பற்றி அப்படித்தான் பரவலாக எழுதப்பட்டிருக்கிறது. வேதியியல்படி பொருந்துவதுதான், யூரியா சிதைந்தால் அம்மோனியா, அம்மோனியா ஒரு காரம். ஆனால் கடைகளில் பல ஆண்டுகள் ஓடியது வெண்காரம் சார்ந்த கரைசல்தான். யாரும் எதையும் மறைக்கவில்லை.

#10 மின்கம்பி

பழங்கூந்தல் சொன்னதை ஏற்கிறேன். அடுத்த திருப்பம் 1920களின் பாப் கட். அது வந்ததும் நெஸ்லர் சுற்றும் முறை அடிவாங்கியது. வேரிலிருந்து சுற்றத் தொடங்கினால் முதல் ஒன்றிரண்டு சுற்றிலேயே குட்டை முடி தீர்ந்துவிடும். சுருள் தெரியவேண்டிய நுனிக்கு ராடில் இடமே இருக்காது. 1924 வாக்கில் ஜோசஃப் மேயர் என்ற செக் நாட்டவர் தலைகீழாக யோசித்தார். நுனியை முதலில் ராடில் வைத்து, வேரை நோக்கிச் சுருட்டிக்கொண்டே போவது. இதற்குக் ‘குரோக்கினோல்’ என்று பெயர். ராடு தலைக்கு இணையாகப் படுத்திருக்கும்.

இரண்டுக்கும் சுருளில் தெளிவான வித்தியாசம் தெரியும். சுருளேணி முறையில் ஒவ்வொரு சுற்றும் ராடின்மேல் நேராகப் படிவதால், வேரிலிருந்து நுனிவரை சுருள் ஒரே பருமன். குரோக்கினோலில் சுற்றின்மேல் சுற்று ஏறுவதால் நுனி இறுக்கமாகவும், வேர்ப்பக்கம் தளர்வாகவும் வரும். 1930களின் படங்களில் கழுத்துப் பக்கம் மட்டும் குட்டிக் குட்டிச் சுருள், மேலே மென்மையான வளைவு என்றால் குரோக்கினோல் என்று தைரியமாக எழுதலாம். நீளமுடியை இந்த முறையில் சுற்றினால் உள்சுற்றுகளுக்குச் சூடு போய்ச்சேராது, நுனி வேகாமல் போய்விடும்.

1930களின் தொடக்கத்தில் மின்கம்பியே இல்லாத முறை வந்தது. ரால்ஃப் எவன்ஸ், எவரெட் மெக்டோனோ இருவரும் செய்தது. கல்சுண்ணாம்பு மாதிரி தண்ணீர் பட்டால் கொதிக்கும் கலவை நிரப்பிய சின்னப் பட்டைகள். நனைத்து, சுற்றிய முடியின்மேல் கவ்வவைத்தால் தானே சூடேறித் தானே ஆறிவிடும். வேறு சிலர் கவ்விகளைத் தனி மேடையில் சூடாக்கிக் கழற்றி முடியில் மாட்டினார்கள். தலை ஒருவழியாகக் கூரையிலிருந்து விடுபட்டது. மின்கம்பியில் கட்டுண்ட பெண் எழுந்து நகரக்கூட முடியாது என்பதை நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று புரியும்.

#11 கெரட்டின்

சூட்டையே விலக்கிய கட்டம் அடுத்தது. 1930களில் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் கம்பளி இழையை ஆராய்ந்த ஸ்பீக்மன், கந்தகப் பிணைப்பைக் குறைந்த வெப்பத்திலேயே வேதிப்பொருளால் தளர்த்தலாம் என்று காட்டினார். கம்பளியும் கெரட்டின், முடியும் கெரட்டின். 1938இல் ஆர்னால்ட் வில்லட் அமெரிக்காவில் ‘குளிர் அலை’யைக் கொண்டுவந்தார். அறை வெப்பநிலையில் 6 முதல் 8 மணி நேரம். 1940களில் அம்மோனியம் தயோகிளைகோலேட் வந்த பிறகுதான் நேரம் நிமிடக் கணக்குக்கு இறங்கியது.

இந்த மருந்து காரத்தன்மையில் வேலை செய்யும், பிஹெச் 9 முதல் 9.6 வரை. அம்மோனியா முடியின் மேற்செதிலை விரியவைக்க, தயோகிளைகோலேட் உள்ளே போய் டைசல்ஃபைடை இரண்டாகப் பிரிக்கும். எல்லாவற்றையும் பிரிக்கக் கூடாது, ஒரு பகுதிதான். மிஞ்சியவை முடியைத் தாங்கி நிற்க வேண்டும். பிறகு ஹைட்ரஜன் பெராக்சைடு சுமார் 2 சதவீதக் கரைசல், அதாவது நியூட்ரலைசர். முடி ராடில் இருக்கும்போதே பிரிந்த கந்தகங்களை அது புதுத் துணையோடு சேர்க்கும். 1970களில் வந்த ‘அமில பெர்ம்’ கிளிசரைல் மோனோதயோகிளைகோலேட். பிஹெச் 7ஐ ஒட்டி இருப்பதால் முடிக்கு மென்மை, ஆனால் டிரையர் சூடு வேண்டும். அது சிகையலங்காரம் செய்பவர்களின் கைகளில் ஒவ்வாமைத் தடிப்பைக் கொண்டுவந்தது. அலசிய பிறகும் முடியிலேயே தங்கியிருந்து, பிறகு அந்த முடியை வெட்டுகிறவர் கையையும் பாதிக்கக்கூடியது.

வீட்டிலேயே பெர்ம் செய்துகொள்ளும் அலையை எழுப்பியது டோனி என்ற பெர்ம் பெட்டி. நெய்சன் ஹாரிஸ் 1944இல் தொடங்கினார், 1948இல் ஜில்லெட் 2 கோடி டாலருக்கு வாங்கியது. ஒருத்தி கடையில், ஒருத்தி வீட்டில் பெர்ம் செய்துகொண்ட இரட்டையரைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, யார் டோனி என்று கேட்ட விளம்பரம் அமெரிக்கா முழுக்கத் தெரியும்.

#12 நீலமணி

பழங்கூந்தல், தேதி விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி. ஒரு கேள்வி. மருந்து அவ்வளவு தெளிவாக வேலை செய்கிறதென்றால், வீட்டு பெர்மில் ஒருத்திக்குப் பஞ்சு மாதிரிப் பொங்குகிறது, இன்னொருத்திக்கு மூன்றாம் நாளே நேராகிவிடுகிறது, ஏன்?

#13 ராடும்காகிதமும்

இரண்டுக்கும் காரணம் வேறு வேறு. குளிர் பெர்மின் படிகளோடு சொன்னால்தான் விளங்கும்.

பட்டை பிரிப்பது முதல் வேலை. ராடு எவ்வளவு பருமனோ அவ்வளவுதான் பட்டையின் தடிமன், ராடின் நீளத்தைவிடச் சற்றுக் குறைவாக அகலம். ஒரு தலைக்கு 50 முதல் 60 ராடு போகும். நுனியில் எண்ட் பேப்பர் வைத்து, காகிதம் நுனியைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும்படி சுற்ற வேண்டும். காகிதம் குறைந்தால் நுனி மடிந்து தூண்டில்முள் மாதிரி நிற்கும். அதை வெட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. சுற்றும்போது முடி நேராக இருக்க வேண்டும், இழுபடக் கூடாது. மருந்தில் ஊறிய முடி வீங்கும். இழுத்துச் சுற்றியிருந்தால் வீங்க இடமில்லாமல் அறுந்துபோகும். ரப்பர் பட்டை வேரில் பதிந்து கிடந்தாலும் அதே கதி, வரிசையாக ஒரே உயரத்தில் முறியும்.

நெற்றி ஓரத்தில் கிரீம் தடவிப் பஞ்சுக் கயிறு சுற்றுங்கள். பஞ்சு மருந்தில் நனைந்துவிட்டால் உடனே மாற்ற வேண்டும். நனைந்த பஞ்சு காப்பாற்றாது, மருந்தைத் தோலோடு ஒட்டிப் பிடித்துவைக்கும்.

மருந்து ஊற்றியபின் கடிகாரத்தை நம்பாமல் சோதனைச் சுருளை நம்புங்கள். ஒரு ராடை ஒன்றரைச் சுற்றுப் பிரித்து, முடியை இழுக்காமல் தலைப்பக்கம் லேசாகத் தள்ளினால், ராடின் பருமனுக்கு ஒரு தெளிவான ‘எஸ்’ வளைவு விழ வேண்டும். விழுந்ததும் நிறுத்த வேண்டும். சாயம் போட்ட, வெளுத்த முடிக்கு இது சில நிமிடத்திலேயே வந்துவிடும், மேற்செதில் ஏற்கனவே திறந்து கிடப்பதால்.

இனி நீலமணியின் கேள்விக்கு. பஞ்சாகப் பொங்குவது மருந்து மிஞ்சியதால். அடையாளம் இதுதான்: ஈரத்தில் சுருள் அழகாக இருக்கும், காய்ந்ததும் வடிவமே இல்லாமல் சிலிர்க்கும். ஈரமுடியை இழுத்தால் ரப்பர் மாதிரி நீண்டு திரும்பாது. அந்த முடிக்கு மறுபடி பெர்ம் கூடவே கூடாது. மூன்றாம் நாள் நேராவது பெரும்பாலும் நியூட்ரலைசரின் குறை. அலசுவது குறைந்தது 5 நிமிடம், வெதுவெதுப்பான நீரில், ராடோடு. அதன்பின் ஒவ்வொரு ராடையும் துண்டால் ஒற்றி எடுக்க வேண்டும். இந்த ஒற்றலைத்தான் எல்லாரும் தவிர்க்கிறார்கள். தண்ணீர் நிறைந்த முடிக்குள் பெராக்சைடு போனால் நீர்த்துவிடும், பிணைப்புகள் பாதி ஒட்டாமல் நிற்கும், முதல் தலைக்குளியலில் சுருள் அவிழும். நியூட்ரலைசரை 5 நிமிடம் வைத்து, ராடை இழுக்காமல் உருவி எடுத்து, அலச வேண்டும்.

இரண்டு தடைகள் உண்டு. நாள்பட நரையைக் கருக்கும், ஈயம் போன்ற உலோக உப்புள்ள சாயம் போட்ட முடியில் பெராக்சைடு பட்டால் சூடேறி முடி சிதையும். சோடியம் ஹைட்ராக்சைடால் நேராக்கிய முடியில் தயோகிளைகோலேட் கூடாது. அங்கே டைசல்ஃபைடுகள் லான்தியோனைன் என்ற வேறு பிணைப்பாக மாறிவிட்டன, இந்த மருந்து அதைச் சுருட்டாது. மிச்சமிருக்கும் டைசல்ஃபைடையும் உடைத்து முடியை ஒடித்துவிடும்.

#14 குழல்வாணி

இவ்வளவு துல்லியமாக எங்கும் படித்ததில்லை, மனமார்ந்த நன்றி. 1960களின் பெரிய உப்பிய தலை மட்டும் பாக்கி. அது பெர்மா, ரோலரா?

#15 சீப்பும்கோலும்

உப்பல் ரோலரின் வேலை. நல்ல முடிக்கு பெர்மே இல்லாமல் செய்தார்கள். மெல்லிய முடிக்குத் தளர்வான பெர்மை அடியில் வைத்தார்கள். 1940கள் வரை செட்டிங் என்றால் பின் கர்ல்தான். விரல் பருமனுக்கு முடியை வட்டமாகச் சுற்றி, தலையோடு படுக்கவைத்து, இரண்டு பின்னைக் குறுக்காகச் செருகுவது. அதில் உயரம் வராது. உயரம் வேண்டும் என்றதும் ரோலர் வந்தது.

ரோலரில் எல்லாம் கோணம்தான். பட்டையின் தடிமன் ரோலரின் பருமன் அளவே. பட்டையை முன்பக்கம் சாய்த்துப் பிடித்துச் சுற்றினால் ரோலர் தன் வேர்மேலேயே உட்காரும், உயரம் முழுதாகக் கிடைக்கும். செங்குத்தாகப் பிடித்தால் பாதி உயரம். பின்னால் சாய்த்தால் ரோலர் வேரைவிட்டு இறங்கி நிற்கும், உயரமே இருக்காது, நுனி மட்டும் வளையும். உச்சிக்கு முதல் வகை, கழுத்துப் பக்கத்துக்கு மூன்றாவது. அந்த அளவுக்குப் பெரிய ரோலர் கிடைக்காதபோது காலியான பானத் தகரங்களையே ரோலராகப் பயன்படுத்தியதும் உண்டு. செட்டிங் லோஷனாக பீர் ஊற்றினார்கள். அதிலுள்ள புரதமும் சர்க்கரையும் காய்ந்து விறைப்புக் கொடுக்கும். 1939இல் ஜெர்மனியின் வால்டர் ரெப்பே உருவாக்கிய பாலிவினைல் பைரோலிடோன், 1950களில் ஹேர்ஸ்பிரேயில் இறங்கியதும் அந்த வேலையை அது எடுத்துக்கொண்டது.

முக்கியமான பிழை: சூடாக இருக்கும்போதே ரோலரை எடுப்பது. டிரையருக்கு அடியிலிருந்து வந்த முடி தொட்டால் காய்ந்த மாதிரி தெரியும், உட்சுற்றில் ஈரம் இருக்கும். முழுக்க ஆறவிட்டு, நடுவிலிருந்து ஒரு ரோலரை அவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் மற்றவற்றைத் தொட வேண்டும்.

#16 மின்கம்பி

மின்ரோலரும் இந்தப் பத்தாண்டுதான். டென்மார்க்கின் கார்மென் 1960களில் வந்தது, அமெரிக்காவில் கிளெரால் 1968இல் ‘கைண்ட்னெஸ்’ என்று விற்றது. பல வகைகளில் ரோலருக்குள்ளே மெழுகு இருக்கும். சூடேறும்போது உருகி, ஆறும்போது உறைந்து, உறையும் நேரம் முழுக்க ஒரே அளவு வெப்பத்தை விட்டுக்கொண்டிருக்கும். அதனால் ரோலர் கைக்கு ஆறும் வரை எடுக்கக் கூடாது. இது காய்ந்த முடிக்கானது. ஈரமுடியில் வைத்தால் ரோலர் ஆறிவிடும், முடி காயாது.

குழல்வாணி, படங்களோடு பொருட்களையும் சேகரிக்கிறீர்கள் என்றால், பழைய பெர்ம் இயந்திரத்தை மின்சாரத்தில் செருகிப் பார்க்க வேண்டாம். கம்பியின் மேலுறை ரப்பரும் நூலும், பல ஆண்டில் உதிர்ந்துபோயிருக்கும், எர்த் இணைப்பு இருக்காது. வெப்பத்தடைப் பொருள் கல்நாராக இருக்கவும் கூடும், அதைச் சுரண்டவோ பிரஷ்ஷால் தூசி தட்டவோ கூடாது. கவ்விகளையும் ராடுகளையும் படமெடுங்கள். ராடில் சுற்றிய தடம் தேய்ந்து தெரியும், அது சுருளேணியா குரோக்கினோலா என்பதை அங்கேயே படித்துவிடலாம்.

#17 குழல்வாணி

மின்கம்பி, ராடு தேய்மானம் எனக்குத் தோன்றவே இல்லை, குறித்துக்கொண்டேன். முதல் பகுதியை விக் பட்டறையின் களிமண் உருளையிலிருந்து தொடங்குகிறேன். பழங்கூந்தல், அந்த உருளையின் நீளம், பருமன் அளவு உங்களிடம் இருந்தால் இந்த இழையிலேயே போடுங்கள்.

#18 பழங்கூந்தல்

ஒரே அளவில் செய்ததில்லை. ஒரே விக்கில் காதோரச் சுருளுக்கு ஒன்று, பின்புறத்துக்கு ஒன்று என்று பருமன் மாறும். அளவைத் தனித்தனி உருளையின் படத்தோடு கொடுப்பதுதான் சரி. பெரும்பாலும் விரல் நீளத்துக்கும் குறைவானவை. புகைபிடிக்கும் குழாய் செய்த அதே வெள்ளைக் களிமண். சிலவற்றின் முனையில் எழுத்தும் எண்ணும் அழுத்தியிருக்கும். படமெடுக்கும்போது முனையை நேராக, பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுங்கள். மேலிருந்து வெளிச்சம் விழுந்தால் அந்த அழுத்தம் தெரியாது.